முதலில் அப்பா, பிறகு அவருடைய கடன்

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 27. பெற்றோர் மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சொந்தமாக ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர் நிலம் உண்டு. அதோடு பதினைந்து மா கோயில் நிலத்தை வேறொருவரிடமிருந்து உள்குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். சென்ற சம்பா, அறுப்பு நேரத்து மழையில் சாய்ந்து, போட்ட செலவில் பாதிகூடத் திரும்பவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 1,15,000, வங்கியில் அம்மாவின் நகை மீது 2,40,000, டிராக்டருக்குத் தனியார் நிதி நிறுவனத்தில் 3,70,000, அம்மா பெயரில் இரண்டு குழுக்கடன்கள் 85,000, உரக்கடையில் 60,000, ஊர்க்காரர் ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு 2,00,000 என மொத்தம் 10,70,000 ரூபாய் நிற்கிறது. நிலத்தை விற்றுவிடலாமா? அப்பாவுக்குப் பிறகு இந்தக் கடன் என் மீதும் தம்பி மீதும் வருமா? நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டுமா? இரண்டு மாதமாக அப்பா சரியாகத் தூங்குவதில்லை, வயலுக்கும் போவதில்லை. போன வாரம் அம்மாவிடம் பத்திரம் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு, ‘நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம், நான் போனால் கடனாவது போகும்’ என்று சொன்னாராம். அவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, டெல்டா மாவட்டங்களின் கிராமக் கிளைகளில் வேளாண் கடன் பிரிவைப் பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னிடம் நீங்கள் எதிர்பார்ப்பது கடன் கணக்கு பற்றிய பதிலாக இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள்தான் முதலில் பதில் பெற வேண்டியவை. மற்றவற்றுக்கு ஒரு மாதம் தவணை உண்டு, அவற்றுக்கு இல்லை.

தூக்கம் போவது, வயலுக்குப் போகாமல் இருப்பது, பத்திரம் இருக்கும் இடத்தைக் காட்டுவது, தான் இல்லாமல் போவதைப் பற்றிப் பேசுவது ஆகிய நான்கும் சேர்ந்து வரும்போது அதை ‘மனசு சரியில்லை’ என்று கடந்துபோகக் கூடாது. இந்த வாரமே ஊருக்குச் செல்லுங்கள். அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, சுற்றி வளைக்காமல், ‘அப்பா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ என்றே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று குடும்பத்தினர் அஞ்சுவது இயல்பு; மனநல மருத்துவர்கள் அப்படி ஆவதில்லை என்கிறார்கள், பலருக்கு அந்தக் கேள்வியே பாரத்தை இறக்கி வைக்கும் முதல் வாய்ப்பாக அமைகிறது. அவர் பேசத் தொடங்கியதும் ‘நாங்க இருக்கோம்ல, கவலைப்படாதீங்க’ என்று அவசரமாகச் சொல்லிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் அதோடு பேச்சு நின்றுபோகும். அவர் முழுவதும் சொல்லி முடிக்கட்டும். கணக்குக் கேட்பதும் யாரிடம் ஏன் வாங்கினார் என்று விசாரிப்பதும் அன்றைக்கு வேண்டாம்.

அவர் ‘ஆமாம்’ என்று சொன்னாலோ, எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருப்பதாகத் தெரிந்தாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்படி இல்லாவிட்டாலும், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப்போவது நல்லது. மனநல மருத்துவர் என்றால் அவர் வர மறுக்கலாம். தூக்கம் வரவில்லை, அதற்குக் காட்டுவோம் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. நள்ளிரவில் பேச ஆள் தேவைப்பட்டால் மாநில அரசின் 104, மத்திய அரசின் டெலிமானஸ் 14416 ஆகிய எண்களில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இந்த எண்களை அம்மாவின் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள். மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வழக்காகும் என்று ஊரில் யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவரே கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதப்பட்டுச் சிகிச்சை பெற உரிமையுள்ளவர். முயன்றவரைத் தண்டித்து வந்த பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் எது மீதம் இருந்தாலும் அதை அங்கே வைத்திருக்க வேண்டாம். பிரிக்காததை உரக்கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரித்ததை வேறொரு வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், சாவி அப்பாவிடம் இருக்கக் கூடாது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சிமருந்துகளை வீடுகளில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைக்கும் முறையை ஆய்வாளர்கள் நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். உயிரை விடத் துணியும் வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி, ‘நான் போனால் கடனாவது போகும்’ என்று அவர் சொன்னது. அது உண்மை அல்ல என்பதை வாய்ப்புக் கிடைக்கும்போது அவருக்கே விளக்க வேண்டும், ஏனென்றால் அவர் அதைக் குடும்பத்துக்குச் செய்யும் உதவியாக நினைக்கிறார். கடன் வாங்கியவர் இறந்தால் கடன் அழிவதில்லை. அவர் விட்டுச்செல்லும் சொத்தைத் தொடரும். உங்கள் வீட்டில் அந்தச் சொத்து என்பது ஒன்பது மா நிலம்தான். அதைப் பயிர் செய்யவும், கடன்காரர்களிடம் பேசித் தவணை வாங்கவும் தெரிந்த ஒரே ஆள் அவர்; அவர் இல்லாவிட்டால் அதே பத்து லட்சத்தோடு அம்மா தனியாக நிற்பார்.

உங்கள் மீதும் தம்பி மீதும் வருமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தந்தையின் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பாவது, அவரிடமிருந்து அவர்களுக்கு வந்துசேரும் சொத்தின் மதிப்பு வரைக்குந்தான். உங்கள் சம்பளத்தையோ நீங்கள் சொந்தமாகச் சேர்த்ததையோ யாரும் கேட்க முடியாது. ‘அப்பன் கடனை மகன் அடைத்தாக வேண்டும்’ என்று ஊரில் சொல்லப்படுவதற்கு ஒரு காலத்தில் சட்டத்திலும் இடம் இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005இல் வந்த திருத்தம், அதற்குப் பின் வாங்கிய கடன்களைப் பொறுத்தவரை அந்தத் தர்மக் கடமையை நீக்கிவிட்டது. விலக்கு ஒன்றுண்டு: கடன் பத்திரத்தில் இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டவர் நேரடியாகப் பொறுப்பாவார். டிராக்டர் கடனில் தம்பி கையெழுத்திட்டிருக்கிறாரா என்று பாருங்கள். குழுக்கடன் அம்மாவின் சொந்தக் கடன். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கடன்களுக்கு வருகிறேன். உங்கள் அப்பா மாதாமாதம் யாருக்குப் பணம் கொடுத்து வந்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் ஊகிக்க முடிகிறது. அஞ்சு வட்டிக்காரருக்கு முதலில், குழுக்கடன் வசூலிக்க வருபவருக்கு அடுத்து, டிராக்டர் நிறுவனத்துக்கு மூன்றாவதாக, கூட்டுறவுச் சங்கத்துக்கு மிஞ்சினால். வாசலில் வந்து நின்று சத்தம் போடக்கூடியவருக்கே முதலில் கொடுக்கத் தோன்றும். நான்கு பேர் பார்க்க அவமானப்படுவதற்கு அஞ்சியே டெல்டாவில் பாதிக் கடன்கள் கட்டப்படுகின்றன. விளைவு என்னவென்றால், எது மிக மலிவான கடனோ அது தவணை தவறுகிறது, எது மிக விலை உயர்ந்ததோ அதற்கே கையில் இருப்பதெல்லாம் போகிறது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை நம் மாநிலத்தில் உரிய காலத்தில் திருப்பினால் வட்டியே இல்லை. அஞ்சு வட்டி என்பது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய்; இரண்டு லட்சத்துக்கு மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000. அதாவது, சங்கத்தில் நிற்கும் மொத்தக் கடனைவிட அதிகமான தொகை, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், ஒவ்வோர் ஆண்டும் அந்த ஊர்க்காரர் கைக்குப் போகிறது. இந்த ஒரு கடனை முடித்தால்தான் மற்ற ஐந்தும் கட்டுக்குள் வரும் என்பது என் கணிப்பு.

எப்படி முடிப்பது? நிலத்தை விற்று அல்ல. மழையில் அடிபட்ட ஆண்டில் அவசரத்துக்கு நிலம் விற்பவரிடம் வாங்குபவர் நியாயமான விலை பேசுவதில்லை. தவிர, பெரும்பாலும் வாங்க முன்வருபவர் அதே கடன்காரராகவோ அவருக்கு வேண்டியவராகவோ இருப்பார். அதற்குப் பதிலாக டிராக்டரைப் பாருங்கள். இருபத்துநான்கு மா பயிருக்கு, அதிலும் பெரும்பகுதி உள்குத்தகையாக இருக்கும்போது, சொந்த டிராக்டர் கட்டுப்படியாகாது; வெளியே வாடகைக்கு ஓட்டி அதில் தவணை கட்டுகிறவர்களுக்கே அது சரிப்படும். அப்பாவுக்கு அது கௌரவத்தின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால் இதைப் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும். நிறுவனத்திடம் எழுத்துமூலம் பாக்கித் தொகையைக் கேட்டுப் பெற்று, அவர்களுடைய சம்மதத்தோடு நீங்களே ஆள் பார்த்து விற்றால் கடன் தீர்ந்து ஏதாவது மிஞ்சலாம். அவர்கள் எடுத்துப்போய் ஏலம் விட்டால், குறைந்த விலைக்குப் போவதோடு, பற்றாத தொகைக்கு மீண்டும் நோட்டீசு வரும். ஆட்களை அனுப்பி மிரட்டிப் பறிக்க மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை. கடன் வசூலுக்கு அடியாட்களைப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்துச் சொல்லிவிட்டது. உழவுக்கு வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை இணையச் சேவை மூலம் டிராக்டரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து நகை. அடகு வைத்த நாளைவிடத் தங்கத்தின் விலை இன்று வெகுவாக ஏறியிருப்பதால், நகையின் இன்றைய மதிப்பு கடன் தொகையைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். அதை மீட்டு, ஒரு பகுதியை விற்று, ஊர்க்காரரின் அசலை அடைப்பது நான் சொல்லக்கூடிய வழிகளில் சிறந்தது. ஆனால் நகை அம்மாவுடையது. அவர் முழுமனதோடு சம்மதித்தால் மட்டுமே செய்யுங்கள். உங்கள் கல்யாணத்துக்கு என்று அவர் வைத்திருந்தது அது என்றால், இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஊர்க்காரரிடம் பேசப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. இத்தகைய கடன்களுக்கு வெறும் புரோநோட்டு மட்டும் வாங்குவதில்லை. தொகை எழுதாத காசோலை, கையெழுத்திட்ட வெற்று முத்திரைத்தாள், சில சமயம் நிலத்துக்கு ஒரு கிரய ஒப்பந்தம் என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். என்னென்னவற்றில் கையெழுத்துப் போட்டார் என்று அப்பாவிடம் அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்; ஒன்பது மாவின் மீது ஏதாவது பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பிறகு ஊரில் இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு, இதுவரை போன வட்டியைச் சுட்டிக்காட்டி, அசலோடு முடிக்கக் கேளுங்கள். பணம் கொடுக்கும்போதே எல்லாக் காகிதங்களும் கைக்கு வர வேண்டும், ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் ரத்துப் பத்திரமும் பதிவாக வேண்டும். முதல் நாளே காவல் நிலையத்துக்குப் போவதை நான் சொல்லமாட்டேன்; அதே தெருவில் அப்பா நாளைக்கும் நடக்க வேண்டும். அவர் மிரட்டினாலோ வீட்டு வாசலில் வந்து இழிவாகப் பேசினாலோ மட்டும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்து, மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தண்டிக்க 2025இல் சட்டமன்றம் தனியாக மற்றொரு சட்டமும் நிறைவேற்றியிருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும், எண் 15100. பெண் என்ற முறையில் வருமான வரம்பு பாராமல் உங்கள் அம்மாவே விண்ணப்பிக்கலாம்.

குழுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதித்த நெறிகள் இருக்கின்றன. ஒரு குடும்பம் மாதந்தோறும் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது; காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது; உறவினரையோ அக்கம்பக்கத்தாரையோ நெருக்கக் கூடாது. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை 14448 எண்ணில் அணுகலாம். தவணையைக் குறைத்து நீட்டிக் கேளுங்கள். ஒரு குழுக்கடனைக் கட்ட மற்றொன்று வாங்குவதை அம்மா இன்றோடு நிறுத்த வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

கூட்டுறவுச் சங்கத்தில், பயிர்ச் சேதத்தைக் காரணம் காட்டி, குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தரும்படி செயலாளரிடம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். இயற்கைச் சீற்றம் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் 33 விழுக்காட்டுக்கு மேல் பயிர் இழந்தவர்களின் கடனை இப்படி மாற்றுவது வங்கித் துறையில் நெடுநாளாக உள்ள வழக்கம். மனு மறுக்கப்பட்டால் மாவட்ட ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதையே கொடுங்கள். தள்ளுபடி வரும் என்று காத்திருக்கச் சொல்பவர்கள் ஊரில் இருப்பார்கள். 2021இல் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியானது உண்மைதான். அது கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு மட்டும், உங்கள் பத்து லட்சத்தில் ஒன்பதரை லட்சத்தை அத்தகைய அறிவிப்பு எதுவும் தொடாது.

வங்கி நிலத்தை ஜப்தி செய்துவிடும் என்பது அப்பாவின் அச்சங்களில் ஒன்றாக இருந்தால் அதையும் தெளிவுபடுத்துங்கள். வங்கிகள் நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசிச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதோடு, உங்கள் நிலத்தை எந்த வங்கியும் அடமானமாக வாங்கியிருப்பதாகவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

உள்குத்தகைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கல் அப்பா பெயரில் இல்லாததால், அந்தப் பதினைந்து மாவுக்குப் பயிர்க்கடன் இல்லை, காப்பீடு இல்லை, வெள்ள நிவாரணம் வந்தாலும் பதிவுக் குத்தகைதாரர் பெயருக்கே போகிறது. நட்டம் முழுவதும் அப்பாவுக்கு, குத்தகை நெல் மட்டும் தவறாமல் அளக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் சாகுபடி செய்பவர் பெயரில் அடங்கல் கொடுக்கப் பதிவுக் குத்தகைதாரர் சம்மதிக்காவிட்டால், வரும் பருவம் அந்த நிலத்தை விட்டுவிடுவதே மேல். சொந்த ஒன்பது மாவுக்கு மட்டும் சம்பா காப்பீட்டைச் சரியான நேரத்தில் செய்யுங்கள். விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான், கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும்.

இத்தனையையும் ஒரே நாளில் அப்பாவின் முன் பரப்பிவிடாதீர்கள். மருத்துவரைப் பார்த்து, நான்கைந்து இரவு தூங்கிய பிறகு, ஒரு நோட்டில் ஆறு கடனையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். தான் மட்டும் தோற்றுவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். 2019இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில் தமிழ்நாட்டு விவசாயக் குடும்பங்களில் நூற்றுக்கு 65 கடனில் இருந்தன என்பதையும், அந்த மழை அவர் வயலில் மட்டும் பெய்யவில்லை என்பதையும் அப்போது சொல்லலாம்.

கடைசியாக உங்கள் வேலை. அதை விடாதீர்கள். இரண்டு வாரம் விடுப்புப் போட்டுச் சென்று, அப்பாவோடு தினமும் ஒருவர் இருக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்புங்கள்; சித்தப்பாவோ மாமாவோ ஒருவருக்கேனும் விஷயம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். மழையை நம்பாமல் அந்த வீட்டுக்கு வரும் ஒரே வருமானம் உங்கள் சம்பளம். அதன் பேரில் தனிநபர் கடனோ கைப்பேசிச் செயலிக் கடனோ எடுத்து அப்பாவின் கடனை அடைக்க முயல வேண்டாம். மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று ஒரு தொகையை முடிவு செய்து, அதை மட்டும், வீட்டுச் செலவுக்கும் அப்பாவின் மருந்துக்குமாக அம்மாவின் கணக்கில் போட்டு வாருங்கள்.